பெறுநர் இல்லாத எச்சரிக்கை

2019 ஏப்ரல் 4ஆம் திகதி இலங்கை அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்கு அயல்நாட்டு உளவு அமைப்பொன்றிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அனுப்பியது இந்தியா என்பது பின்னர் வெளிப்பட்டது. சில வரிகள்தான். தேசிய தௌஹீத் ஜமாஅத்தின் சஹ்ரான் ஹாஷிமும் அவருடைய கூட்டாளிகளும் விரைவில் தற்கொலைத் தாக்குதல் நடத்தத் திட்டமிடுகிறார்கள். முக்கியமான சில தேவாலயங்கள் இலக்கு. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தையும் அவர்கள் வேவு பார்த்திருக்கிறார்கள். ஆளின் பெயர், அமைப்பின் பெயர், தாக்கும் முறை, இலக்கு என்று நான்கும் அந்தச் சில வரிகளில் இருந்தன.

17 நாட்கள் கழித்து, ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலை, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்றிலும், ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. இறந்தவர்களின் தொகை 269 என்று இன்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் வெளிநாட்டவர் பலர். மட்டக்களப்பில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் பலர்.

தேசியப் பாதுகாப்பில் உளவுத் தகவலின் இடம் என்ன என்று கேட்டால், நம்மில் பலருக்கு மறைவான ஆட்களும் ஒட்டுக்கேட்கும் கருவிகளும்தான் மனதில் வரும். எதிரியின் இரகசியத்தை அறிந்துவிட்டால் பாதி வெற்றி என்று நினைக்கிறோம். அதனால் ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் அரசுகள் கேட்பது ஒன்றுதான்: இன்னும் கண்காணிப்பு, இன்னும் அதிகாரம், இன்னும் நிதி. உயிர்த்த ஞாயிறு தாக்குதலை இந்தக் கண்ணால் பார்க்க முடியாது. அங்கே இரகசியம் கைக்கு வந்திருந்தது. கிடைத்த தகவல் யார் கையில் போய்ச் சேர வேண்டும், சேர்ந்த பின் அவர் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பதை எவரும் வரையறுத்திருக்கவில்லை. அதே நேரத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த இரகசியத்துக்கு வெகு முன்பே உள்ளூர் மக்கள் பகிரங்கமாகச் சொன்னதைக் கேட்க அரசுக்குக் காதும் இல்லை, மொழியும் இல்லை. இந்த இரண்டு குறைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் அந்த 17 நாட்களை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் வாதம்.

அந்தச் செய்தியின் பயணத்தை முதலில் பார்ப்போம். ஏப்ரல் 7ஆம் திகதி அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளர் அதைக் கடிதமாக்கித் தேசிய புலனாய்வுப் பிரதானிக்கு அனுப்பினார். இந்தப் பதவிக்கு ஒருங்கிணைக்கும் பொறுப்பு உண்டு. ஒருவரைக் கைது செய்யவோ ஓர் இடத்துக்குப் பாதுகாப்புப் போடவோ அதிகாரம் இல்லை. ஏப்ரல் 9ஆம் திகதி வாராந்தப் புலனாய்வு ஒருங்கிணைப்புக் கூட்டம் நடந்தது. பாதுகாப்பு அமைச்சின் செயலாளர், முப்படைகளின் புலனாய்வு அதிகாரிகள், பொலிஸார் எல்லாரும் ஒரே மேசையில் கூடும் இடம் அது. அங்கே இந்த விடயம் உரிய முறையில் ஆராயப்படவில்லை. அதே நாளில் கடிதம் பொலிஸ் மா அதிபரைச் சேர்ந்தது. அவர் அதைச் சில உயர் அதிகாரிகளுக்கு அனுப்பினார். ஏப்ரல் 11ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர் அதைச் சுற்றறிக்கையாக்கித் தமக்குக் கீழுள்ள பிரிவுகளுக்கு விநியோகித்தார். அமைச்சர்கள், நீதிபதிகள், இராஜதந்திரிகள் போன்ற பிரமுகர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவுகள் அவை.

தாக்கப்படப் போவது தேவாலயங்கள் என்று செய்தி சொல்கிறது. எச்சரிக்கை பிரமுகர்களின் மெய்க்காவலர்களுக்குப் போகிறது. எந்தப் பங்குத் தந்தைக்கும் ஒரு சொல் போகவில்லை. தமக்குத் தெரிந்திருந்தால் அன்றைய திருப்பலிகளை நிறுத்தியிருப்பேன் என்று கொழும்புப் பேராயர் பின்னர் சொன்னார். அந்தச் சுற்றறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் விவரத்துக்குக் குறைவில்லை. தலைமறைவாக இருந்த சஹ்ரானின் சகோதரர் இரவில் எந்த மணிக்கு மனைவியின் வீட்டுக்கு வந்து எந்த மணிக்குப் போகிறார் என்பது வரை எழுதப்பட்டிருந்தது. வந்துபோகும் நேரம் தெரிந்த ஓர் ஆளுக்காக அந்த வீட்டு வாசலில் காத்திருக்கும்படி எவரும் பணிக்கப்படவில்லை.

ஏப்ரல் 16ஆம் திகதி காத்தான்குடிக்கு அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்துச் சிதறியது. பெயர் குறிப்பிடப்பட்ட ஆளின் சொந்த ஊருக்குப் பக்கத்தில், எச்சரிக்கை வந்து 12ஆம் நாளில் நடந்த வெடிப்பு இது. ஏப்ரல் 20ஆம் திகதி இந்தியாவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. பாலமுனை வெடிப்பு ஒரு ஒத்திகை என்றும், 21ஆம் திகதியோ அதற்கு முன்போ தாக்குதல் நடக்கலாம் என்றும், இலக்குகளில் தேவாலயமும் ஹோட்டலும் அடங்கும் என்றும் அது சொன்னது. உளவுத்துறை வரலாற்றில் இவ்வளவு தெளிவாக, இவ்வளவு நேரத்தோடு வந்த முன்னறிவிப்புகள் மிகச் சில.

1962இல் அமெரிக்க ஆய்வாளர் ரொபர்ட்டா வோல்ஸ்டெட்டர் பேர்ள் ஹார்பர் தாக்குதலைப் பற்றி எழுதிய நூல் இந்தத் துறையில் இன்றும் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. 1941இல் ஜப்பானின் நோக்கத்தைக் காட்டும் அறிகுறிகள் அமெரிக்காவிடம் இருந்தன, ஆனால் அவை பொருளற்ற ஏராளமான தகவல்களின் இரைச்சலுக்குள் புதைந்து கிடந்தன, நிகழ்வுக்குப் பிறகுதான் எது அறிகுறி எது இரைச்சல் என்று பிரித்தறிய முடிகிறது என்பது அவருடைய முடிவு. பொறுப்பான வாதம் அது. ஒரு புலனாய்வு அதிகாரியின் மேசைக்கு நாள்தோறும் எச்சரிக்கைகள் வருகின்றன. பெரும்பாலானவை ஒன்றும் இல்லாமல் போகின்றன. பின்னாளில் விசாரணை மண்டபத்தில் அமர்ந்துகொண்டு “இதை ஏன் கவனிக்கவில்லை” என்று கேட்பது சுலபம். இந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இலங்கை அதிகாரிகளுக்கு அது பொருந்தாது. ஏப்ரல் 4ஆம் திகதிச் செய்தி இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கவில்லை. நான்கு மாதங்களுக்கு மேலாக நடந்துகொண்டிருந்த ஒரு தொடரின் கடைசிக் கண்ணி அது.

2018 நவம்பர் 30ஆம் திகதி அதிகாலை மட்டக்களப்பு வவுணதீவில் காவலரணில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டு அவர்களுடைய ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. டிசம்பர் இறுதியில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த வழக்கின் தடத்தைப் பிடித்துச் சென்ற பொலிஸார் 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டத்தின் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் சுமார் 100 கிலோ வெடிபொருளையும் அதைச் சேர்ந்த பொருட்களையும் கண்டெடுத்தனர். அந்தத் தேடலுக்கு உதவிய ஒருவர், ஓர் அமைச்சரின் ஒருங்கிணைப்புச் செயலாளர், மார்ச் மாதத்தில் தம் வீட்டில் சுடப்பட்டார். சிலை உடைப்பு, வெடிபொருள் கிடங்கு, தகவல் தந்தவர் மீது துப்பாக்கிச் சூடு. இவை ஒரே வட்டத்தைச் சுற்றி நடந்தவை. அந்த வட்டத்தின் நடுவில் இருந்தவர் ஏற்கெனவே தேடப்பட்டு வந்த சஹ்ரான்.

வவுணதீவுச் சம்பவம் தனியாகப் பேசப்பட வேண்டியது. கொலை நடந்தது மாவீரர் நாளுக்கு மூன்று நாட்கள் பின்னர். சந்தேகம் உடனே முன்னாள் விடுதலைப் புலிகள் மீது விழுந்தது. ஒரு முன்னாள் போராளி கைது செய்யப்பட்டு மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு பிடிபட்டவர்களின் வாக்குமூலத்தில்தான் அந்த இரட்டைக் கொலை சஹ்ரானின் ஆட்கள் செய்தது என்பது தெரியவந்தது. அதன் பிறகே அந்த மனிதர் விடுதலையானார். அவர் சிறையில் இருந்த அத்தனை மாதங்களும் உண்மையான கொலையாளிகள் வெளியே குண்டு செய்துகொண்டிருந்தார்கள்.

இதை ஒரு பொலிஸ் அதிகாரியின் தனிப்பட்ட தவறாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது இலங்கையிடம் ஆள்பலமும் அனுபவமும் மிக்க ஒரு புலனாய்வு இயந்திரம் இருந்தது. அது ஒரே எதிரிக்காகக் கட்டப்பட்டது. போர் முடிந்து பத்தாண்டுகள் ஆன பின்னும் அதன் பார்வை அந்தத் திசையிலேயே பெரிதும் நிலைத்திருந்தது. முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்கு யார் வந்தார்கள், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் நடத்தும் போராட்டத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று படம் எடுத்துக்கொண்டிருந்த புலனாய்வாளர்களை வடக்குக் கிழக்கில் வாழ்பவர்கள் எல்லாரும் கண்டிருக்கிறார்கள். பிள்ளையைத் தொலைத்த தாய் ஒருத்தியைப் பின்தொடர ஆள் இருந்த நாட்டில், பிடியாணை பிறப்பிக்கப்பட்ட ஒருவரைத் தேட ஆள் போதவில்லை. ஒரு சமூகத்தை முன்கூட்டியே எதிரியாக வகுத்து வைப்பது அந்தச் சமூகத்துக்கு இழைக்கும் அநீதி. அதனால் புலனாய்வின் கண்ணே பழுதாகிறது என்பதை வவுணதீவு காட்டியது.

தகவல் உரியவரைச் சேராத நோய் இலங்கைக்கு மட்டும் உரியது அல்ல. 1999இல் கார்கில் மலைமுகடுகளில் பாகிஸ்தான் படையினர் ஊடுருவியதை இந்திய இராணுவத்துக்கு முதலில் தெரிவித்தவர்கள் படாலிக் பகுதியின் ஆட்டிடையர்கள். அந்தப் போரில் 527 இந்தியப் படைவீரர்கள் உயிரிழந்தார்கள். எப்படி ஏமாந்தோம் என்று ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைவர் கே. சுப்ரமணியம். திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர், தமிழ்நாடு பிரிவு இந்திய ஆட்சிப் பணி அதிகாரியாக வாழ்வைத் தொடங்கியவர், கூட்டு உளவுக் குழுவின் தலைவராகவும் முன்பு இருந்தவர். அவருடைய குழு கண்டெடுத்த ஒரு சிறு விவரம் இன்றும் என்னை உறுத்துகிறது. 1998 ஜூனில், ஊடுருவலுக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு, இந்திய உளவுத்துறையான ஐ.பி.யின் இயக்குநர் கார்கிலுக்கு எதிர்ப்புறத்தில் நடக்கும் நடமாட்டம் பற்றி ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். பிரதமர், உள்துறை அமைச்சர், அமைச்சரவைச் செயலாளர், உள்துறைச் செயலாளர், இராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் ஆகியோருக்கு அது போனது. அதைப் பிற தகவல்களோடு சேர்த்துப் பார்த்துப் பொருள் சொல்லக் கூடிய மூவருக்கு, அதாவது ரா அமைப்பின் செயலாளருக்கும் கூட்டு உளவுக் குழுவின் தலைவருக்கும் இராணுவ உளவுப் பிரிவின் தலைவருக்கும், அது அனுப்பப்படவில்லை.

கொழும்புக் கடிதமும் டெல்லிக் குறிப்பும் ஒரே வகை. பதவியால் உயர்ந்தவர்களுக்குத் தகவல் போகிறது; வேலையால் உரியவர்களுக்குப் போவதில்லை. அனுப்புபவருக்கு “நான் தெரிவித்துவிட்டேன்” என்று காட்ட ஒரு பிரதி மிஞ்சுகிறது. அதிகாரவர்க்கத்தில் ஒரு கடிதம் பல நேரங்களில் பொறுப்பை இறக்கி வைக்கும் சாதனமாகிவிடுகிறது. பெற்றவர் அடுத்தவருக்கு அனுப்பித் தாமும் இறக்கி வைக்கிறார்.

கார்கில் அறிக்கைக்குப் பிறகு இந்தியா பல நிறுவனங்களை உருவாக்கியது. பல்வேறு அமைப்புகளின் தகவல்களை ஓரிடத்தில் சேர்க்கும் பல்முகமை மையம் 2001இல் வந்தது. பாதுகாப்புப் புலனாய்வு முகமை 2002இல் வந்தது. தேசிய தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 2004இல் வந்தது. இவையெல்லாம் இருந்தும் 2008 நவம்பர் 26ஆம் திகதி மும்பையில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். கடல்வழியாக வரக்கூடும் என்ற எச்சரிக்கைகள் அதற்கு முன்பே இருந்தன. தகவலைப் பகிர்வது கட்டாயம் என்ற ஆணையோடு பல்முகமை மையம் செயற்படத் தொடங்கியது அந்தத் தாக்குதல் முடிந்த பின், 2008 டிசம்பர் 31ஆம் திகதிதான். ஏழு ஆண்டுகளாக அந்த மையத்துக்குக் கட்டடமும் பெயரும் இருந்தன. தகவலைத் தரும்படி பிற அமைப்புகளைக் கட்டாயப்படுத்தும் வலிமை இல்லை. புதிய அமைப்பொன்றைத் தொடங்குவது அரசுக்கு எளிது. பழைய அமைப்புகள் தம்முடைய கோப்புகளை விட்டுக்கொடுக்கும்படி செய்வதுதான் கடினம்.

இலங்கையில் இந்த நிறுவனக் குறைக்கு மேல் அரசியல் பிளவு வந்து சேர்ந்தது. 2018 அக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவைப் பதவி நீக்கி மஹிந்த ராஜபக்ஷவை நியமித்தார். நீதிமன்றம் தலையிட்டதன் பின் டிசம்பரில் விக்கிரமசிங்க மீண்டும் பிரதமரானார். இருவரும் ஒரே அரசாங்கத்தின் இரு தலைகளாக, ஒருவரோடு ஒருவர் பேசாமல் தொடர்ந்தார்கள். பாதுகாப்பு அமைச்சும் பொலிஸும் ஜனாதிபதியின் கையில் இருந்தன. தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமரும் பொலிஸ் மா அதிபரும் அழைக்கப்படவில்லை. யாரைக் கட்டாயம் அழைக்க வேண்டும், எத்தனை நாட்களுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று சொல்லும் சட்டம் இல்லை. எல்லாம் ஜனாதிபதியின் விருப்பம். நாட்டின் பொலிஸ் தலைவர் இல்லாமல் உள்நாட்டுப் பாதுகாப்பு பற்றி என்ன பேச முடியும்? உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய பெரிய வாரத்தில் ஜனாதிபதி நாட்டில் இல்லை. பதில் பாதுகாப்பு அமைச்சர் எவரும் நியமிக்கப்பட்டிருக்கவுமில்லை. சஹ்ரானைப் பற்றி விசாரித்து வந்த பயங்கரவாத விசாரணைப் பிரிவின் தலைவர் 2018 அக்டோபரில் வேறொரு குற்றச்சாட்டில், ஜனாதிபதியைக் கொல்லச் சதி செய்தார் என்று கூறப்பட்டுக் கைதாகியிருந்தார். அந்தக் கைதோடு அந்த விசாரணையின் வேகமும் போயிற்று.

நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்த்தன என்பது கவனிக்கத் தக்கது. பாதுகாப்பு அமைச்சின் முன்னாள் செயலாளர் மீதும் முன்னாள் பொலிஸ் மா அதிபர் மீதும் 855 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 2022 பெப்ரவரியில் கொழும்பு மேல் நீதிமன்றம் எதிர்த் தரப்புச் சாட்சியத்துக்கே இடமில்லாமல் இருவரையும் விடுதலை செய்தது. ஆனால் அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்த உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 2023 ஜனவரி 12ஆம் திகதி வேறு தீர்ப்பைச் சொன்னார்கள். முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளரும் ஆளுக்கு 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி, தேசிய புலனாய்வுப் பிரதானி 1 கோடி என்று தம் சொந்தப் பணத்திலிருந்து பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு செலுத்த உத்தரவிட்டார்கள். தகவல் வந்தும் செயற்படாமல் இருந்தது குடிமக்களின் உரிமை மீறல் என்று இந்தத் தீர்ப்பு நிறுவியது. உளவுத் தகவல் அரசின் தனிச் சொத்து, அதைக்கொண்டு செய்வதும் செய்யாததும் அரசின் விருப்பம் என்ற பழைய எண்ணத்தை அது உடைத்தது. தெற்காசியாவில் இதற்கு இணையான தீர்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை. குற்றவியல் நீதிமன்றம் விடுவித்ததையே அடிப்படை உரிமை நீதிமன்றம் பிடித்தது என்பதில் சட்டத்தின் ஓர் ஓட்டையும் தெரிகிறது: எச்சரிக்கையைப் பெற்ற அதிகாரி இன்னது செய்தாக வேண்டும் என்று எழுதப்பட்ட கடமை இல்லாதபோது, செய்யாமல் விட்டதைக் குற்றமாக நிறுவுவது கடினம்.

இங்கே ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இது அசட்டையா, அல்லது யாரோ வேண்டுமென்றே நடக்க விட்டதா? 2023 செப்டம்பரில் பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சி, புலனாய்வு அதிகாரி ஒருவருக்கும் தாக்குதல்காரர்களுக்கும் தொடர்பு இருந்தது என்ற குற்றச்சாட்டை ஒளிபரப்பியது. குற்றம் சாட்டப்பட்ட தரப்பு அதை மறுத்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களும் முழு உண்மையைக் கோரி வருகிறார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. சதி நிரூபிக்கப்பட்டால் குற்றவாளிகளின் பட்டியல் மாறும். ஆனால் நான் மேலே விவரித்த வழித்தடம் மாறாது. கடிதங்கள் பொறுப்பில்லாமல் கைமாறும் ஓர் அமைப்பில்தான் ஒரு சதிகாரன் தன் மௌனத்தை மற்றவர்களின் அசட்டைக்குள் ஒளித்துவைக்க முடியும். யார் எதை எப்போது பெற்றார், என்ன செய்தார் என்று பதிவாகும் ஓர் அமைப்பு நேர்மையான அதிகாரியையும் காக்கும், சதிகாரனையும் காட்டிக்கொடுக்கும்.

இனி இரண்டாவது குறைக்கு வருகிறேன். உண்மையில் எனக்கு இதுதான் முதலாவது.

சஹ்ரான் ஓர் இரகசிய மனிதர் அல்லர். காத்தான்குடியில் ஒலிபெருக்கி வைத்துப் பேசியவர். சமூக ஊடகங்களில் காணொளிகளை வெளியிட்டவர். தமிழில் பேசினார். 2017 மார்ச் 10ஆம் திகதி காத்தான்குடி அலியார் சந்தியில் சூஃபி மரபினரோடு அவருடைய குழு மோதியது. வாள்கள் வெளியே வந்தன. அதன் பிறகே அவர் தலைமறைவானார். அவரால் தாக்கப்பட்ட, மிரட்டப்பட்ட அவ்வூர் முஸ்லிம்கள் முறைப்பாடு செய்தார்கள், ஊர்வலம் போனார்கள், கைது செய்யுங்கள் என்று கேட்டார்கள். கொழும்பிலுள்ள முஸ்லிம் அமைப்புகளும் பாதுகாப்புத் தரப்பிடம் அவரைப் பற்றிச் சொன்னதாக அறிவித்திருக்கின்றன. அவருடைய காணொளிகள் எல்லை கடந்து சென்றன. 2018இல் கோயம்புத்தூரில் கைதானவர்களிடமிருந்து எடுத்த மின்னணுக் கருவிகளில் அவை இருந்ததாகவும், அந்த வழக்கே இந்திய அமைப்புகளின் கவனத்தை அவர் பக்கம் திருப்பியதாகவும் பின்னர் செய்திகள் வந்தன. காத்தான்குடிப் பொலிஸ் நிலைய வாசலில் நின்று சொல்லப்பட்டது எடுபடாமல் போய், கோயம்புத்தூர், டெல்லி வழியாகச் சுற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்திருக்கிறது. வந்த பின்னும் எடுபடவில்லை.

சிறு குழுக்களாக, பெரும்பாலும் ஒரே குடும்பத்தினராகச் சேர்ந்து இயங்குகிறவர்களைக் கண்டுபிடிப்பதில் வானத்துக் கண்ணும் ஒட்டுக்கேட்கும் கருவியும் ஓரளவுக்குத்தான் உதவும். அண்ணன் தம்பிகள் தொலைபேசியில் பேசிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். பள்ளிவாசல் நிர்வாகத்துக்குத் தெரியும். உரம் விற்பவருக்குத் தெரியும். 2004இல் லண்டனில் 600 கிலோ அமோனியம் நைத்திரேற்றை வாடகைக் களஞ்சியத்தில் வைத்திருந்த ஒரு கும்பல் பிடிபட்டதில் அந்தக் களஞ்சிய ஊழியர்களின் சந்தேகத்துக்குப் பங்குண்டு. உயிர்த்த ஞாயிறுக்கு ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26ஆம் திகதி, சாய்ந்தமருதில் சஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் பதுங்கியிருந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தவர்களும் அந்த ஊர் முஸ்லிம்களே. புதிதாக வந்து தங்கியவர்கள் மீது ஐயம் கொண்டு அவர்கள் சொன்ன தகவல் இந்த முறை உடனே செயலானது. அங்கே தங்களைத் தாங்களே வெடிக்கச் செய்துகொண்டவர்களோடு பிள்ளைகளும் இறந்தார்கள் என்பது வேறு துயரம். அந்தத் தகவல் வராமல் போயிருந்தால் இன்னொரு தாக்குதல் நடந்திருக்கக்கூடும்.

இப்படித் தகவல் தந்த சமூகத்துக்கு அரசும் நாடும் திருப்பித் தந்தது என்ன? மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், தாக்குதலோடு தொடர்பில்லாத பலர் நீண்ட காலம் அடைக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜஸீம். “நவரசம்” என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று சொல்லி 2020 மே மாதத்தில் அவரைக் கைது செய்தார்கள். அந்தத் தொகுப்பில் ஐ.எஸ். அமைப்பைக் கண்டிக்கும் கவிதை இருந்தது. தமிழ் அறியாதவர்கள் அரைகுறைச் சிங்கள மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அதை ஆபத்தானது என்று முடிவு கட்டினார்கள். 2021 டிசம்பர் வரை அவர் சிறையில் இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

தமிழில் வெளிப்படையாக வெறுப்பைப் பேசிய ஒருவரின் உரைகளை நேரத்தோடு கேட்டு அளவிடாத ஓர் அமைப்பு, தமிழில் வெறுப்புக்கு எதிராக எழுதிய ஒருவரின் புத்தகத்தை ஆபத்து என்று படித்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. வர வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஒரு நாட்டின் புலனாய்வு அமைப்பில், அந்த நாட்டின் கால்வாசி மக்கள் பேசும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எத்தனை பேர் பகுப்பாய்வு மேசையில் அமர்ந்திருக்கிறார்கள்? தகவல் கொடுப்பவராக அல்ல, காட்டிக்கொடுப்பவராக அல்ல. தலைமையின் முகத்துக்கு நேரே “இந்தப் பேச்சு அச்சுறுத்தல், இந்தக் கவிதை அச்சுறுத்தல் அல்ல” என்று சொல்லும் அதிகாரம் உள்ள அதிகாரியாக? தமிழ் பேசும் முஸ்லிம்களையும் தமிழர்களையும் அந்த மேசையில் அமர்த்த அரசு தயங்குவதற்குக் காரணம் நம்பிக்கையின்மை. அந்த நம்பிக்கையின்மையின் விலையை மட்டக்களப்பிலும் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழரும் சிங்களவருமான கிறிஸ்தவர்கள்.

சீர்திருத்தம் என்று வரும்போது பேச்சு பெரும்பாலும் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக வரும் சட்டம், இணையக் கண்காணிப்பு ஆகியவற்றைச் சுற்றியே ஓடுகிறது. 2019 ஏப்ரலில் எந்த அதிகாரம் இல்லாததால் சஹ்ரானைப் பிடிக்க முடியவில்லை என்று எவராலும் காட்ட முடியாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் கையில் இருந்தது, நீதிமன்றத்தின் பிடியாணை இருந்தது, முகவரி இருந்தது. பிரிட்டன் 1989இல் தன் உள்நாட்டு உளவுத்துறைக்கு ஒரு சட்டத்தையும் 1994இல் அதை மேற்பார்க்கும் ஒரு பாராளுமன்றக் குழுவையும் கொடுத்தது. 1887இலிருந்து இயங்கும் இந்தியாவின் ஐ.பி. அத்தகைய தனிச் சட்டம் இல்லாமலே இயங்கி வந்திருக்கிறது. இலங்கைக்குத் தேவைப்படும் சட்டம் நீளமானதாக இருக்க வேண்டியதில்லை. தேசிய பாதுகாப்புச் சபையில் யார் யார் கட்டாய உறுப்பினர், எத்தனை நாட்களுக்கு ஒருமுறை அது கூட வேண்டும். உயிராபத்து பற்றிய எச்சரிக்கை வந்தால் எத்தனை மணித்தியாலத்துக்குள் யாருக்கு எழுத்தில் போக வேண்டும். பெற்றவர் என்ன நடவடிக்கை எடுத்தார் என்று எத்தனை மணித்தியாலத்துக்குள் பதில் எழுத வேண்டும். இலக்கு என்று பெயர் குறிப்பிடப்பட்ட இடத்தின் பொறுப்பாளருக்கு, அது கோயிலாகவோ பள்ளிவாசலாகவோ ஹோட்டலாகவோ இருக்கட்டும், சொல்லாமல் விடுவதென்றால் அந்த முடிவில் யார் கையொப்பம் இட வேண்டும். இந்த நான்கும் 2019 ஏப்ரல் 5ஆம் திகதி நடைமுறையில் இருந்திருந்தால், நீர்கொழும்பிலும் கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் குருமார் தம் வாசலில் பைகளைச் சோதிக்கும்படி ஆட்களை நிறுத்த அவர்களுக்கு இரண்டு வாரம் இருந்திருக்கும்.